கடல் தின்ற இலக்கம்

ஒரு கார் எஞ்சினில் இலக்கம் பொறித்திருக்கும் இடம் தீப்பெட்டி அளவுகூட இராது. வார்ப்பிரும்பின் பக்கவாட்டில் அந்தத் துண்டை மட்டும் கடைந்து மட்டமாக்கி, சில எழுத்துகளையும் எண்களையும் அடித்திருப்பார்கள். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பாக, பெயின்ட் பிடித்தபடி இருக்கும். இந்தத் துண்டில் மட்டும் பூச்சு இல்லை. ஆகவே உப்புத் தண்ணீர் பட்டால் துரு முதலில் ஏறுவது இங்கேதான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வந்தாறுமூலையில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு லொறியில் கிளீனர், தம்புள்ளையில் மரக்கறி மூட்டை, குருநாகலில் ஒரு கராஜ், நீர்கொழும்பில் பழைய கார்களை உடைத்து விற்கும் ஒரு முற்றம் என்று போய்க்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் இரண்டு தீபாவளி கண்டால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். நீர்கொழும்பில் மட்டும் கொஞ்சம் அதிகமாக நின்றேன். அங்கே நாங்கள் விற்றது பந்தயம் ஓடுகிறவர்களும் வேகப் பைத்தியங்களும் தேடிவரும் சாமான்: டர்போ, இரட்டை கேம் எஞ்சின், அகலக் குழாய்ச் சைலன்சர், அலோய் ரிம், இறுக்கமான ஸ்பிரிங். ஜப்பானில் அடிபட்ட கார்களிலிருந்து வெட்டி எடுத்துக் கப்பலில் வந்தவை. கழற்றுவது, கழுவுவது, இன்னொரு காருக்குப் பொருந்துமா என்று கண்ணால் அளப்பது, விற்பது. கை பழகிவிட்டது.

இந்தத் தொழிலை மட்டக்களப்பில் செய்யப்போகிறேன் என்றபோது நீர்கொழும்பு முதலாளி சிரித்தார். அங்கே யார் ரேஸ் ஓடுகிறான் என்று கேட்டார். யாரும் ஓடவில்லைதான். ஆனால் எங்கள் பக்கத்துப் பாதைகளுக்கு மூடும் நேரம் இருந்தது. பின்னேரம் குறித்த நேரத்துக்கு இராணுவச் சோதனைச் சாவடியில் குறுக்கு மரத்தைப் போட்டுவிடுவார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை வாடகைக் காரில் ஏற்றிவரும் ஹயர்காரன் பத்து நிமிடம் பிந்தினால் பொலநறுவைக்கு இந்தப் பக்கம் காட்டோரத்தில் நோயாளியோடு காருக்குள் கிடந்து விடியப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் வேகத்துக்குக் கிராக்கி வந்தது இந்த மரத்தால்தான்.

சுனாமிக் கடல் வந்த அன்று நான் இன்னும் நீர்கொழும்பில் இருந்தேன். மூன்றாம் நாள் ஊருக்கு வந்துசேர்ந்தேன். எங்கள் வீடு வாவிக்கு இந்தப் பக்கம், நன்றாக உள்ளே. ஒரு ஓடுகூட விழவில்லை. அதை வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தது. கல்லடி, நாவலடி, டச்பார் என்று போய், முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து பிணம் தூக்கினேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பிணம் தூக்குவதை விட்டுவிட்டுக் கார் பார்க்கத் தொடங்கினேன். காரணம் கேட்டால் வயிறு என்று சொல்லலாம். ஆனால் கையும் ஒரு காரணம். வருடக்கணக்காக ஒரே வேலை செய்த கை, மணலில் மூக்கைப் புதைத்துக் கிடக்கும் காரைக் கண்டால் அதன் மூடியைத் திறக்கத்தான் பார்க்கும்.

டச்பாரில் ஒரு சிறிய சிவப்புக் கார், உடைந்த வள்ளம் ஒன்றின் மேல் ஏறிப் படுத்திருந்தது. மூடியைத் திறந்தேன். இரட்டை கேம் எஞ்சின். காற்று வடிகட்டிக்குள் விரல் நீள மீன்கள் இரண்டு காய்ந்து கிடந்தன. ஊர்முழுக்க விசாரித்து, சொந்தக்காரரை ஒரு பாடசாலை முகாமில் கண்டுபிடித்தேன். அவர் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், வெல்டிங் வேலை செய்தவர், இளம் வயதில் அந்தக் காரை மலைநாட்டில் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறார். மனைவியையும் மூத்த மகளையும் கடல் கொண்டுபோயிருந்தது. மகளைக் கண்டெடுத்திருந்தார்கள். மனைவியை இல்லை.

"எடுத்துக்கொண்டு போ மேன்," என்றார். "எனக்கு அதப் பாக்க ஏலா."

"என்ன தரட்டும் அங்கிள்?"

"ஒண்டும் வேணாம். எப்பயாவது அது ஓடினா இந்தப் பக்கமா ஒருக்காக் கொண்டு வா. சத்தம் கேட்டாக் காணும், அது போதும்."

பிறகு, நான் கேட்காமலே, எஞ்சின் இலக்கத்தைச் சொன்னார். செபம் சொல்வது போல, ஒரே மூச்சில். காரின் பதிவுப் புத்தகம் கடலோடு போய்விட்டது. ஆனால் இருபது வருடமாகச் சாவடிகளில் சொல்லிச் சொல்லி அந்த இலக்கம் அவர் வாயில் தங்கியிருந்தது.

"மறக்காத மேன். கேப்பானுகள்."

தலையாட்டினேன். எழுதிக்கொள்ளவில்லை. இரும்பில் இருக்கிறதுதானே என்று நினைத்தேன்.

கடல் தண்ணீர் குடித்த எஞ்சினைக் கெடுப்பது காற்று. கழற்றித் திறந்து காயவிட்டால் நாலு நாளில் உள்ளே எல்லாம் இறுகிப்போகும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை இறக்கி, அதன் பிறகு டீசலில் மூழ்கவைக்க வேண்டும். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கரையோரக் கிணறெல்லாம் உப்பு. கடலோடு கலக்கும் வாவியும் உப்பு. ஆகவே இப்படிச் சேர்ந்த ஆறு எஞ்சின்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனேன். அப்போது யுத்தம் நின்றிருந்த சமாதான காலம். சாவடியில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர்கள் நாற்றம் பொறுக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு விட்டுவிட்டார்கள். வயலுக்குத் தண்ணீர் பாயும் ஒரு வாய்க்காலில், எருமைகளைக் குளிப்பாட்ட இறக்குவது போல, எஞ்சின்களைக் கயிறு கட்டி இறக்கினேன்.

அந்த வயல் வட்டையில் வேளாண்மை செய்த மனிதர் மண்வெட்டியோடு வந்தார்.

"ஆரடா அது? என்ட வட்டைக்குள்ள என்னத்தக் கரைக்கிறாய்?"

"உப்பு, பெரியப்பா. உப்புத்தான்."

"உப்பா? மறுகா அந்தா மயில்ட கழுத்து மாதிரி மினுங்கிறது என்ன, அதுவும் உப்பா?"

"அது கொஞ்சம் எண்ணெய்."

"நெல்லுக்கு எண்ணெய் தேச்சுத் தலை முழுக வாக்கப் போறியா? தூக்கடா மேல!"

வயலுக்குத் தண்ணீர் பிரியும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் இறக்கினால் பரவாயில்லை என்று கடைசியில் இணங்கினார். போகும்போது நின்று கேட்டார்.

"இதுகள்ட ஆக்கள் இரிக்காங்களா?"

சிலதுக்கு இருக்கிறார்கள் என்றேன். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பில் நடந்துபோனார்.

ஊறிய எஞ்சின்களை நாவற்குடாவில் வாடகைக்கு எடுத்த ஒரு வளவில் பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். கொழும்பு வியாபாரி ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிளக் துவாரத்துக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் முகத்தைச் சுளிப்பார். கடலில் கிடந்த சாமானுக்கு அப்போது கொழும்பில் மரியாதை இல்லை. சிவப்புக் காரின் எஞ்சினை நக்கிப் பார்த்தார், கரிக்கவில்லை. பிறகு பக்கவாட்டில் குனிந்து, இலக்கம் பொறித்த துண்டை நகத்தால் சுரண்டினார். அம்மைத் தழும்பு போல அங்கே துரு குழிகுழியாகப் பிடித்திருந்தது. இலக்கம் வாசிக்கலாம், ஆனால் பார்க்க அசிங்கம். "கடல் என்று மூஞ்சியிலேயே எழுதியிருக்கே மல்லி," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு எழுந்தார். மல்லி என்றால் தம்பி.

அவர் போன பிறகு, ஒரு மத்தியானம், அந்தத் துண்டை அரம் போட்டு அராவி, எமரித் தாளால் தேய்த்து, கண்ணாடி போல மட்டமாக்கினேன். குழி போகும்வரை தேய்த்தேன். குழியோடு இலக்கமும் போனது. போவது தெரிந்தும் தேய்த்தேன். எஞ்சின் முழுவதற்கும் வெள்ளி நிற ஸ்பிரே அடித்தேன். அரை மணி நேர வேலை. நன்றாக வந்திருந்தது.

அடுத்த மாதம் வியாபாரி வந்தார். எஞ்சினைச் சுற்றி நடந்தார். குனிந்தார்.

"நம்பர் எக்க கோ மல்லி?"

நம்பர் எங்கே என்று கேட்கிறார். இலக்கம் இல்லாத எஞ்சினைத் தான் தொடமாட்டேன், அதை வைத்திருப்பவனைக் களவெடுத்தவன் அல்லது காரில் குண்டு வைப்பவன் என்றுதான் சாவடியில் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு டர்போவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆக, எனக்குத் தெரிந்திருந்தது. இதை எழுதுவதன் காரணம் இந்த ஒரு வரிதான். தெரிந்துகொண்டுதான் அதை அடுத்த ஆளுக்கு விற்றேன்.

அடுத்த ஆள் நாவற்குடாவில் நாலு வளவு தள்ளி இருந்த ஹயர்காரர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. நான் அண்ணன் என்பேன். அவருடைய மனைவி வீட்டில் தையல் வேலை செய்தார். அவரை அக்கா என்பேன். அந்த வீட்டில் எனக்கு எத்தனையோ நாள் சோறு விழுந்திருக்கிறது. அண்ணனிடம் இருந்தது பழைய வெள்ளைக் கார். கொழும்புக்கு நோயாளிகளையும், வெளிநாட்டுக்குப் போகிற பெண்களை விமான நிலையத்துக்கும் ஏற்றுவார். எஞ்சின் கிழடு. மூன்று தடவை குறுக்கு மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டி, காட்டில் இருந்திருக்கிறார்.

"என்னடா தம்பி, கலியாண மாப்பிள மாதிரி மினுக்கி வச்சிரிக்காய்?" என்றார், எஞ்சினைப் பார்த்து.

"ஆள் நல்ல ஓட்டக்காரன் அண்ணன். பூட்டிப் பாருங்க."

அவரும் குனிந்தார். எல்லோரும் அந்த இடத்தில் குனிவார்கள்.

"நம்பர் எங்கடா?"

"கடல் திண்டுட்டு அண்ணன்."

இந்த வசனம் அந்த வருடம் எல்லோர் வாயிலும் இருந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ், எதைக் கேட்டாலும் கடல் தின்றுவிட்டது என்றால் அலுவலகங்களில் மறு பேச்சு இல்லை. ஜிஎஸ் என்கிற கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும். அண்ணனும் சிரித்தார்.

"இதுக்கும் ஜிஎஸ்ஸிட்டப் போய்ப் பிறப்புப் பதியணுமோ? தகப்பன்ட பேர் என்னண்டு குடுக்கிற?"

"என்ட பேரக் குடுங்க."

"உன்ட பேரக் குடுத்தா அதுவும் ஓரிடத்தில நில்லாதே!"

அக்கா தையல் மெசினிலிருந்து தலையை நிமிர்த்திச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு வியாபாரம் முடிந்தது.

எஞ்சினை நானே பூட்டிக்கொடுத்தேன். காரின் பதிவுப் புத்தகத்தில் பழைய எஞ்சினின் இலக்கமே இருந்தது. அதை மாற்றிப் பதிய கொழும்புக்கு அலைய வேண்டும், யாரும் அலைவதில்லை. வழிச் சாவடிகளிலெல்லாம் அண்ணனைத் தெரியும், மூடியைத் திறக்கச் சொல்லும் ஆள் இல்லை. முதல் ஓட்டத்தில் பாடசாலை முகாம் பக்கம் போனோம். வாசலில் அண்ணன் எஞ்சின் சத்தத்தை ஒருமுறை உயர்த்தி இறக்கினார். பறங்கிக்காரர் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். கிட்ட வரவில்லை. சாரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் திருப்பி, காதை எங்கள் பக்கம் கொடுத்தபடி நின்றார். அவர் கை காட்டியதும் நாங்கள் போய்விட்டோம். அதன்பிறகு இரண்டு வருடம் அண்ணன் ஒருநாளும் மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டவில்லை.

பிறகு சமாதானம் முடிந்தது. வாவிக்கு மேற்கே ஷெல் விழத் தொடங்கியது. வவுணதீவுப் பக்கத்திலிருந்து சனம் மூட்டை முடிச்சோடு பாலம் தாண்டி வந்தது. வாய்க்கால்காரப் பெரியப்பாவை ஒரு கூடாரத்தில் கண்டேன். விளைந்த வேளாண்மையை வெட்டாமல் விட்டு வந்திருந்தார். "நீ எண்ணெய ஊத்தியே கெடுத்திரிக்கலாம்டா, இவ்வளவு கவலை வந்திராது," என்றார். சாவடிகளில் பழைய முகங்கள் மாறின. புதியவர்களுக்கு யாரையும் தெரியாது.

ஒரு காலை அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு வளவுக்கு வந்தார்.

"தம்பி, அண்ணன் வரல்ல."

"பாத மூடியிரிப்பாங்க அக்கா."

"நேத்தில்ல, முந்தநாள் வரணும். கொழும்பில ஆள இறக்கிப்போட்டுத் தனியத் திரும்பிக் கிறுகியிரிக்கார். பஸ் கண்டக்டர் கண்டவராம். சென்றிச் சாவடியில கார ஓரமா விட்டு, மூடியத் திறந்து வச்சு, நாலஞ்சு பேர் குனிஞ்சு நிண்டாங்களாம். ஒருவன் தடியால உள்ளுக்கு எதையோ காட்டினானாம். அண்ணன் கையப் பின்னால கட்டிக்கொண்டு நிண்டாராம். என்னத்தடா பாத்திரிப்பாங்க?"

"தெரியல்ல அக்கா."

அன்றே அவரோடு அந்தச் சாவடிக்குப் போனேன். சிங்களம் தெரிந்தவன் நான்தான். அப்படி ஒரு கார் வரவில்லை என்றார்கள். அடுத்த இடத்திலும் அதையே சொன்னார்கள். கண்டக்டரைக் கேட்டால், தான் கண்டது வேறு காராக இருக்கும் என்று பேச்சை மாற்றினார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டு நாள் அலைந்தோம். அக்கா அண்ணனின் படத்தை ஒரு பொலித்தீன் பையில் வைத்திருந்தார். போகிற இடமெல்லாம் பையைப் பிரிப்பதும் மடிப்பதுமாக அதில் வெள்ளைக் கோடுகள் விழுந்துவிட்டன.

எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று நான் எனக்குள்ளே கணக்குப் போட்டுக்கொண்டேன். பறங்கிக்காரரைத் தேடிப் போனேன். கடலிலிருந்து தள்ளிக் கட்டிக்கொடுத்த ஒரு சிறிய வீட்டில், இளைய மகளோடு இருந்தார். விசயத்தைச் சொன்னேன். இலக்கம் கேட்டதும் ஒரே மூச்சில் சொன்னார், ஒரு எழுத்தும் பிசகாமல். ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். கையெழுத்து வைக்கும் முன் பேனாவை நிறுத்தினார்.

"நம்பர் எப்பிடிப் போன?"

"கடல்..."

"கடலா? நான் வெல்டர் மேன். இரும்புக்குள்ள அடிச்ச நம்பர் பத்து நாள் உப்பில போகாது. தேச்சியா?"

"தேச்சன் அங்கிள்."

அவர் என்னைத் திட்டவில்லை. கையெழுத்து வைத்தார். "அதையும் போய்ச் சொல்லு," என்றார். "கடதாசி மட்டும் காணாது."

மறுநாள் சாவடிகளை நடத்தும் பெரிய அலுவலகம் ஒன்றுக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானம்வரை மர வாங்கில் காத்திருந்தோம். உள்ளே அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"இந்த இலக்கம் சரியா என்று இரும்பைப் பார்த்தால்தானே தெரியும். காரைக் கொண்டு வா."

"கார் உங்களிடம் இருக்கிறது சேர்."

"எங்களிடம் அப்படி ஒரு கார் இல்லை."

"இரும்பில் இலக்கம் இல்லை சேர். நான்தான் அழித்தேன். விற்பதற்காக. அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னை எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் கதிரையில் சாய்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்லாத கார். அதில் இல்லாத எஞ்சின். அதில் இல்லாத இலக்கத்தை நீ அழித்தாய். நான் எதை எழுத?"

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார்கள்.

பேச்செல்லாம் சிங்களத்தில். அக்காவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "என்னவாம் தம்பி? கனக்கக் கதைச்சாய். என்ன சொன்னாய்?"

"காரப் பத்தித்தான். மறுகா வரட்டாம்."

உண்மை முழுவதையும் அன்றுதான் முதல் தடவை சொன்னேன். கேட்கவேண்டியவருக்கு விளங்காத மொழியில் சொன்னேன்.

இரண்டு கிழமைக்குள், நான் இல்லாத நேரம் பார்த்து யாரோ இருவர் வளவுக்கு வந்து என் பெயரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். எழுத ஒன்றும் இல்லை என்றவர்கள் அனுப்பியதா, வேறு யாரும் அனுப்பியதா, தெரியாது. நான் கிளம்பிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. எனக்குக் கிளம்புவது பழக்கம். சட்டை இரண்டு, சாவிச் செட் ஒன்று, போதும். கட்டுநாயக்கா, சிலாபம் என்று போய்ப் புத்தளத்தில் உப்பளத்தில் நின்றேன். கால் விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. யுத்தம் முடிந்த அன்று அங்கே தெருவில் வெடி கொளுத்தினார்கள். பாற்சோறு கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். நின்ற இடத்தில் தின்றேன். பசித்தது.

ஊருக்குத் திரும்ப இன்னும் ஒரு வருடம் எடுத்தேன். குறுக்கு மரங்கள் போய்விட்டன. பாதை இரவும் பகலும் திறந்தே கிடந்தது. இளைஞர்கள் சைலன்சருக்கும் அலோய் ரிம்முக்கும் அலைந்தார்கள், சும்மா சத்தத்துக்கு, சும்மா பார்வைக்கு. தொழில் முன்பைவிட நன்றாக நடந்தது. அக்காவின் வீட்டுக்குத் தினமும் போக நினைத்தேன், போகவில்லை. தெருவில் கண்டபோது அவரே மறித்தார். "எங்கயடா போனாய்?" என்று மட்டும் கேட்டார். அவர் கூந்தல் பாதி வெளுத்திருந்தது. பொலித்தீன் பை இடுப்பில் இருந்தது.

கைவிடப்பட்ட வாகனங்களை ஏலம் விடுகிறார்கள் என்று ஒரு அறிவித்தல் வந்தது. உதிரிப்பாகக்காரர்கள் எல்லோரும் போனோம். அந்தப் பெரிய அலுவலகத்தின் முற்றத்தில், பற்றைச் செடிகளுக்குள் வரிசையாகக் கிடந்தன: வான், லொறி, முச்சக்கர வண்டி. நாலாவது வரிசையில் வெள்ளைக் காரைக் கண்டேன். ரயர் இல்லை. கூரை தாழ்ந்திருந்தது. கொடி ஏறியிருந்தது. மூடியைத் திறந்தேன். என்னுடைய வெள்ளி நிறம் இன்னும் மங்கவில்லை. நான் தேய்த்த அந்த மட்டமான துண்டின் மேல், யாரோ வெள்ளைப் பெயின்டால் ஏல இலக்கம் போட்டிருந்தார்கள். எழுதுவதற்கு அந்தக் காரில் அதைவிட வழுவழுப்பான இடம் இல்லை.

ஏலத்தில் இரண்டு பேர் எஞ்சினுக்காக வந்தார்கள். குனிந்து பார்த்துவிட்டு விலகிவிட்டார்கள். நான் எடுத்தேன். எனக்குத் தேவைப்பட்டது பற்றுச்சீட்டு. அதில் காரின் பதிவு இலக்கம் அச்சாகியிருந்தது, மேலே முத்திரை. அப்படி ஒரு கார் இல்லை என்று சொன்னவர்களின் முற்றத்தில் அந்தக் கார் கிடந்தது என்பதற்கு, மூன்று வருடத்தில் கிடைத்த முதல் கடதாசி.

அக்கா அதை நின்றபடி வாசித்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார்.

"அப்ப, அவங்கட்டத்தான் இரிந்திரிக்கி."

"ஓம் அக்கா."

"கார் வந்திட்டு," என்றார். சீட்டை மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்தார்.

அந்தக் கடதாசியோடு ஐந்து இடங்களுக்குப் போனோம். இந்தமுறை நான் ஓடவில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில். பாதையோரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த வாகனம். கண்டெடுக்கும்போது சாரதி இல்லை. பற்றுச்சீட்டிலேயே 'கைவிடப்பட்டது' என்று போட்டிருக்கிறதே, பாருங்கள் என்று எங்களுக்கே காட்டினார்கள். ஐந்தாவது இடத்திலிருந்து வந்த அன்று, பஸ்ஸால் இறங்கி அக்காவின் வீட்டு வாசல்வரை வந்தேன். நல்ல வெயில். முற்றத்தில் கார் கிடந்தது. என் வளவில் வைக்க அவர் விடவில்லை. அங்கே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடல் தின்னவில்லை, நான்தான் தேய்த்தேன். கொழும்பு வியாபாரி எச்சரித்தும் விற்றேன். அன்று சிங்களத்தில் சொன்னது இதைத்தான். அடிக்கட்டும் என்று நின்றேன்.

அக்கா காரின் மூடியில் கை வைத்தார்.

"இத இனி ஆருக்கும் சொல்லாத," என்றார்.

"ஏன் அக்கா? சொன்னா அண்ணன்ல பிழையில்லயெண்டு..."

"பிழையில்லயெண்டா என்னத்துக்குப் பிடிச்ச? பிழையில்லாதவர என்ன செஞ்சிரிப்பாங்க?" குரல் உயரவில்லை. "அவர்தான் அழிச்சவரெண்டு பிடிச்சிரிந்தா, வழக்கொண்டு இரிக்கும். வழக்கிரிந்தாச் சிறையிரிக்கும். சிறையிரிந்தா ஆள் இரிப்பார். நீ அழிச்சதெண்டா, அவர் எங்கடா இரிப்பார்?"

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றார். குடித்தேன்.

அதன்பிறகு நான் ஊரைவிட்டுப் போகவில்லை. சொந்த விருப்பம் இல்லை. மழைக்காலத்தில் அந்த எஞ்சினுக்கு ஆள் வேண்டும். மாதம் ஒருமுறை எண்ணெயும் துணியும் கொண்டு போகிறேன். ஏல இலக்கத்தைத் தின்னரால் துடைத்து எடுத்துவிட்டேன், அக்கா சொன்னபடி. பறங்கிக்காரர் சொன்ன இலக்கம் கடிதத்தில் இருக்கிறது. எழுத்துக் குத்தூசி ஒரு செட் வாங்கி அதை அங்கே திரும்ப அடிக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கும் அவர் விடவில்லை. அந்தத் துண்டு வெறுமையாகவே இருக்க வேண்டும். துரு ஏறவும் கூடாது. ஏறினால் கடல் தின்றது போலத் தெரியும். யாராவது ஒருநாள் வந்து மூடியைத் திறந்தால், ஒரு மனிதன் வேண்டுமென்றே தேய்த்தது என்பது பார்த்ததும் விளங்க வேண்டும். அப்போதுதான் அண்ணன் மேல் வழக்கு நிற்கும்.

ஆகவே எண்ணெய் பூசுகிறேன். அக்கா பக்கத்தில் நின்று பார்ப்பார். சில மாதம் விரலால் தொட்டு, வழுவழுப்பு குறையவில்லைதானே என்று கேட்பார். குறையவில்லை என்பேன். குறைந்திருந்தால், அவர் உள்ளே போன பிறகு, எமரித் தாளை எடுத்து இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன்.